குருதியில் சுற்றும் நிர்ப்பீடனச் சிக்கல்கள்: அளக்க வேண்டுமா, கழுவ வேண்டுமா?

கேள்வி: 2023 வைகாசி 9, காலை (கொக்குவிலிலிருந்து ஒரு தாய்)

அண்ணை, என் மகளுக்கு வயது 24. மூன்று மாதமாக மூட்டு நோவும் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் இருந்தன. கன்னங்களில் சிவப்பும் படர்ந்தது. கிளினிக்கில் லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கலங்களையே தாக்கும் நோய், என்று சொல்லி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் மைத்துனர், பிறபொருளும் அதற்கு எதிரான பிறபொருளெதிரியும் ஒட்டிக்கொண்டு குருதியில் சுற்றுவதுதான் இந்த நோய் என்கிறார். அதை அளப்பதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறதாம். அளவு கூடியிருந்தால் குருதியைக் கழுவி எடுக்கலாமாம், நோயும் போய்விடுமாம். அந்தப் பரிசோதனையைக் கொழும்புக்கு அனுப்பிச் செய்விக்க வேண்டுமா? செலவு பெரிதானாலும் செய்வோம்.

வைகாசி 9, இரவு

செய்விக்க வேண்டாம், தங்கச்சி. உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிதான் உங்கள் பணத்தைத் தின்னப் போகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ ஆய்வுகூடங்களில் வேலை செய்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். மருந்து பற்றிய முடிவு உங்கள் கிளினிக் வைத்தியருடையது.

பிறபொருளொன்று குருதிக்குள் வந்ததும் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாகி அதைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதும் பற்றப்பட்டதும் சேர்ந்த கூட்டுத்தான் நிர்ப்பீடனச் சிக்கல். தடிமன் வந்தாலும் அது உண்டாகும்; நாம் உண்ட உணவின் புரதம் சிறிதளவு செரிக்காமல் குருதிக்குள் போனாலும் உண்டாகும். இந்த நிமிடம் என் குருதியிலும் உங்கள் குருதியிலும் அது இருக்கிறது. உண்டானதும் அதன்மேல் நிரப்புப் புரதங்கள் என்ற, குருதியிலுள்ள காவற் புரதங்கள் படிகின்றன. அப்படிப் படிந்த கூட்டைச் செங்குழியங்கள் தம் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளால் பிடித்து, ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் சுமந்து சென்று, அங்குள்ள தின்குழியங்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் சேதமின்றித் திரும்புகின்றன. ஒட்சிசனைச் சுமப்பதற்கு மட்டுமே என்று பள்ளிக்கூடத்தில் படித்த செங்குழியத்துக்கு இப்படியொரு வேலையும் உண்டு என்பதற்கு 1953இல் ரொபேட் நெல்சன் வழிகாட்டினார்.

ஆகவே, சிக்கல் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அது ஏன் போகவில்லை, போகாமல் எங்கே தங்குகிறது என்பவைதாம் கேட்க வேண்டியவை.

போகாமல் தங்குவதற்கு ஒரு காரணம் விகிதம். பனையோலையில் பெட்டி இழைத்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். நெடுக்கோலையும் குறுக்கோலையும் போதியளவு இருந்தால் இழை இறுகும். ஒரு பக்க ஓலை குறைந்தால் இரண்டு மூன்று ஓலைகள் மட்டும் பின்னிய துண்டுகளாகவே நிற்கும். ஒரு பிறபொருளெதிரிக்கு இரண்டு கைகள். பிறபொருளிலோ பற்றத்தக்க இடங்கள் பல. இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் பெரிய வலை உண்டாகும். தின்குழியங்கள் அதைச் சட்டென்று கண்டு விழுங்கிவிடும். பிறபொருள் சற்றுக் கூடுதலாக இருக்கும்போதுதான் சிறியதும் நடுத்தரமானதுமான கூட்டுகள் உண்டாகிக் கரைந்த நிலையிலேயே நெடுநேரம் சுற்றுகின்றன. இந்த அளவுக் கணக்கை 1930களில் மைக்கல் ஹைடல்பேகர் துல்லியமாக வகுத்தார். சுற்றுகின்ற அந்தச் சிறு கூட்டுகள் சிறுநீரகத்தின் வடிகளில் போய் அடைக்கின்றன.

வைகாசி 10

சொல்லைப் பற்றி ஒன்று. ‘சிக்கல்’ என்றதும் ஏதோ கோளாறு என்று தோன்றுவது இயல்பு. நேற்றையதைப் படித்துவிட்டு இன்று காலை எனக்கு எழுதிய இரண்டு பேரும் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் பாடநூல்கள் இரசாயனத்தில் பல கூறுகள் பிணைந்த சேர்வையைச் சிக்கல் என்று சொல்வதைப் பின்பற்றியே இங்கும் அச்சொல் வந்தது. பிணைப்பு என்ற பொருள் மட்டும்தான், கோளாறு என்ற பொருள் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் ஒவ்வொரு சொல்லுக்கும் பட்ட பாட்டை நினைத்தால், நாமும் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திவிட்டுப் போவதே முறை.

வைகாசி 12

அம்மாவழி மாமா ஒருவருக்கு நடந்ததை எழுதுகிறேன். விகிதம் என்று நான் எழுதியதை முதன்முதலில் ஒரு மனித உடம்பில் கண்டது அவரிடம்தான்.

அவர் பனங்காணிக்குள் விறகு பொறுக்கியபோது சுருட்டை விரியன் கடித்தது. வைத்தியசாலையில் விடமுறிப்பு மருந்து ஏற்றினார்கள். குருதி உறைதல் சீரானது. நாலாம் நாள் வீடு திரும்பினார். பத்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. உடம்பெங்கும் தடிப்புகள் எழும்பின, முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி நொந்தன, கழுத்தில் நெறிகட்டியது. விடம் முழுதாக இறங்கவில்லை என்று வீட்டில் ஒரே பேச்சு. விசகடி வைத்தியரிடம் போக ஆயத்தப்படுத்திவிட்டார்கள். நானும் அப்போது இளைஞன். விடம் எஞ்சியிருக்கிறது என்றே நம்பினேன்.

விடம் எப்போதோ போய்விட்டது. எஞ்சியிருந்தது குதிரை. நாம் இங்கு பயன்படுத்தும் விடமுறிப்பு மருந்து இந்தியாவில் தயாராவது: நாகபாம்பு, எண்ணெய் விரியன், புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விடத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தப் பிறபொருளெதிரி விடத்துக்கு எதிரி. மாமாவின் உடம்புக்கோ அது அந்நியப் புரதம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் மாமாவின் உடம்பு குதிரைப் புரதத்துக்கு எதிராகத் தன் பிறபொருளெதிரியை ஆக்கத் தொடங்கியது. அந்த வேளையில் குருதியில் குதிரைப் புரதம் ஏராளம், எதிரி கொஞ்சம். 9ஆம் திகதி நான் எழுதிய சிறு கூட்டுகள் உண்டாவதற்கு இதைவிடப் பொருத்தமான வேளை இல்லை.

இந்த நோயை முதலில் ஒழுங்காக விளக்கியவர்கள் வியன்னாவில் குழந்தை வைத்தியர்களாக இருந்த கிளெமன்ஸ் ஃபொன் பிர்கேயும் பேலா ஷிக்கும். தொண்டைக் கரப்பான் நோய்க்குக் குதிரை நீர்ப்பாயம் (சீரம்) ஏற்றிய பிள்ளைகள் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடும் தடிப்போடும் படுப்பதைக் கவனித்து 1905இல் எழுதினார்கள். ஊசி போட்ட அன்று வராத நோய் ஏன் இத்தனை நாள் கழித்து வருகிறது என்ற கேள்விதான் அவர்களைச் சரியான இடத்துக்கு இட்டுச் சென்றது: நோயை உண்டாக்குவது ஊசி மருந்து மட்டுமன்று, அதற்கு எதிராக உடம்பு ஆக்கும் பொருளும் சேர்ந்துதான், அதை ஆக்குவதற்கு நாள் எடுக்கும்.

மாமாவுக்கு வைத்தியர் சில நாள் மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரத்தில் எழும்பி நடந்தார். குதிரைப் புரதம் தீர்ந்தது, நோயும் தீர்ந்தது. இந்த வசனத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

வைகாசி 13

நேற்றையதில் இரண்டு திருத்தங்கள்.

இன்றைய விடமுறிப்பு மருந்தில் குதிரையின் பிறபொருளெதிரி முழுதாக இருப்பதில்லை. பெப்சின் நொதியத்தால் அதன் வாற்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, இரண்டு கைகளும் சேர்ந்த பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். நிரப்புப் புரதத்தைக் கூப்பிடுவது வாற்பகுதி. அப்படியானால் நோய் வரக்கூடாதே என்று கோண்டாவிலிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, தம்பி. குதிரையுடையதற்கு வால் இல்லை. அதைப் பற்றும் நம்முடைய பிறபொருளெதிரிக்கு வால் இருக்கிறது. கூட்டுக்குள் அந்த வால் போதும்.

மற்றது, தொண்டைக் கரப்பான் என்று எழுதியது டிப்தீரியாவை. எங்கள் பாட்டி அப்படித்தான் சொல்லுவார், எல்லோருக்கும் விளங்காது.

இதைப் படித்துவிட்டு எவரும் பாம்புக் கடிக்கு விடமுறிப்பு மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பத்தாம் நாள் வரும் காய்ச்சலுக்கு மருந்து உண்டு. விடம் ஏறிய பின் முறிப்பு மருந்து கிடைக்காதவரைக் காப்பாற்ற வழி இல்லாமலும் போகலாம்.

வைகாசி 17

1995 ஐப்பசி 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள். கிணற்றில் வரிசை, சவர்க்காரம் இல்லை, மழை வேறு. மூன்று கிழமைக்குள் பிள்ளைகள் எல்லோருக்கும் சிரங்கு. சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் கட்டியது. என் மூத்தவனுக்கு அப்போது ஏழு வயது; அவன் கால் இரண்டிலும் புண்கள்.

புண்கள் காயத் தொடங்கிய பின், மார்கழி பிறந்து சில நாளில், ஒரு விடியற்காலை அவன் கண்மடல் இரண்டும் வீங்கியிருந்தன. தாய் நுளம்புக் கடி என்று நினைத்தார். சலம் கழிக்கும்போது பார்த்தேன்: வெறுந்தேநீரின் நிறம். எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. ஆய்வுகூடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் சலத்தை இந்த நிறத்தில் பார்த்துப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். என் பிள்ளையுடையதை அன்றுதான் பார்த்தேன்.

கையில் எதுவும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் ஒரு பரிசோதனைக் குழாய் கிடைத்தது. சலத்தை அதில் எடுத்து, குப்பி விளக்குச் சுவாலையில் மேற்பகுதியை மட்டும் சூடாக்கினேன். வெண்மையாகக் கலங்கியது. கலங்கல் பொசுபேற்றாக இருந்தால் அமிலம் பட்டதும் தெளியும். ஒரு வீட்டில் வினாகிரி வாங்கி நாலு துளி விட்டேன், தெளியவில்லை. புரதம். அன்றே அவனைச் சைக்கிள் பாரில் இருத்தி வைத்தியரிடம் கொண்டு போனேன். உப்பை நிறுத்தினார், தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னார், பெனிசிலின் கொடுத்தார், குருதியமுக்கத்தைத் தினமும் பார்த்தார். தைப்பொங்கலுக்கு வீக்கம் முழுதாக வற்றியிருந்தது.

நடந்தது இதுதான். புண்ணில் இருந்தது ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற பற்றீரியா. அது நேராகச் சிறுநீரகத்துக்குப் போகவில்லை. அதன் புரதங்களும் அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் சேர்ந்த சிக்கல்கள் சிறுநீரகத்தின் கலன்கோளங்கள் என்ற நுண்ணிய வடிகளில் தங்கின. தொண்டை நோவுக்குப் பின் என்றால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் வரும். தோற்புண்ணுக்குப் பின் என்றால் மூன்று முதல் ஆறு வாரம் கழித்து வரும். புண் ஆறிய பின் வருவதால்தான் தாய்மார் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. பிள்ளைக்குச் சீழ்ச் சிரங்கு வந்து ஆறிய பின் ஒன்றரை மாதம் வரை காலையில் கண்மடலையும் சலத்தின் நிறத்தையும் கவனியுங்கள் என்று அன்றிலிருந்து காணும் தாய்மார் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன், இங்கும் சொல்கிறேன்.

ஏன் சிறுநீரகம்? இதயம் தள்ளும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் கலன்கோளங்கள்; இரண்டுமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லீற்றர் வடிக்கின்றன. அமுக்கத்தோடு வடிக்கும் இடத்தில் மண்டி சேர்வது இயல்பு.

வைகாசி 18

நேற்றையதையும் 9ஆம் திகதி எழுதியதையும் மீண்டும் வாசித்தேன். ‘அடைக்கின்றன’, ‘மண்டி’ என்று எழுதியது பொருத்தமில்லை. தண்ணீர்க் குழாயை மணல் அடைப்பதுபோல நினைத்துவிடுவார்கள். சிக்கல் அளவில் மிகச் சிறியது. அது அடைத்துக் கெடுப்பதில்லை. அது தங்கிய இடத்துக்கு நிரப்புப் புரதங்களைக் கூப்பிடுகிறது. அவை நடுநிலைநாடி என்ற வெண்குழியங்களைக் கூப்பிடுகின்றன. வந்தவை சிக்கலை விழுங்க முயன்று முடியாமல் தம் நொதியங்களைக் கலன்சுவர்மேல் உமிழ்கின்றன. சுவர் அதனால் வேகிறது. முன்கூட்டியே நடுநிலைநாடிகள் நீக்கப்பட்ட முயல்களில் சிக்கல் படிந்தும் நாடிச்சுவர் அப்படிக் கெடவில்லை என்பது 1960களிலேயே ஆய்வுகூடத்தில் காணப்பட்டது.

வைகாசி 24

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன், ஏனெனில் நான் படித்த பாடத்தையே இது பாதி மாற்றுகிறது. 1980களில் எங்களுக்குக் கற்பித்தது: சிக்கல் குருதியில் உண்டாகி, சுற்றி, பிறகு வந்து தங்கும். முயலுக்கு மாட்டுப் புரதம் ஏற்றி பிராங் டிக்சன் செய்த ஆய்வுகள் இதற்கு ஆதாரம். அவை இன்றும் சரியே. ஆனால் எலிகளில் வோல்டர் ஹைமன் 1959இல் காட்டிய ஒரு சிறுநீரக நோயை எல்லோரும் அதே கணக்கில் சேர்த்திருந்தார்கள். 1978இல் அது அப்படியன்று என்று தெரிந்தது. அங்கே சிக்கல் வெளியிலிருந்து வரவில்லை. பிறபொருளெதிரி தனியாக வந்து, வடியின் கலங்களிலேயே இருக்கும் பொருளைப் பற்றி, அந்த இடத்திலேயே சிக்கலாகியது. மனிதரில் அதற்கு ஒத்த நோயில் பெரும்பாலான நோயாளரில் பற்றப்படும் பொருள் எது என்பது 2009இல்தான் தெளிவானது. அது கலன்கோளக் கலத்தின் மேலுள்ள ஒரு பொசுபோலிப்பேசு ஏற்பி.

லூபஸிலும் இந்த வழி உண்டு. இறந்த கலங்களின் கருவிலிருந்து சிந்தும் டிஎன்ஏயும் அதைச் சுற்றியுள்ள புரதமும் மின்னேற்ற வேறுபாட்டால் வடியின் அடிமென்சவ்வில் முதலில் ஒட்டிக்கொள்ளலாம். பிறபொருளெதிரி பின்னால் வந்து அங்கேயே பற்றலாம்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு இது நேரடியான விடை. குருதியில் ஒருபோதும் முழுதாகச் சுற்றாத ஒன்றைக் குருதியில் அளந்து என்ன காண்பது?

ஆனி 2

அளக்கும் பரிசோதனைகளைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 1970களில் அவை பல வந்தன: சீ-1கியூ என்ற நிரப்புப் புரதத்தில் ஒட்டுவதை அளப்பது ஒன்று, ராஜிக் கலங்கள் என்ற ஆய்வுகூடக் கலங்களில் ஒட்டுவதை அளப்பது இன்னொன்று. தொடங்கியபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஒரே குருதியை இரண்டு முறைகளிலும் பார்த்தால் விடை ஒத்து வருவதில்லை. தொற்றிலும் உயரும், புற்றுநோயிலும் உயரும், நலமானவரிலும் சில வேளை உயரும். கிளினிக் வேலையில் அவை ஓரங்கட்டப்பட்டதற்குக் காரணம் அதுவே.

இன்று வைத்தியர் கேட்பவை சீ-3, சீ-4 என்ற நிரப்புப் புரதங்களின் அளவு, இரட்டை இழை டிஎன்ஏக்கு எதிரான பிறபொருளெதிரி, சலத்தில் புரதமும் செங்குழியமும். சிக்கலைத் தேடாமல் அது செலவழித்ததைப் பார்க்கும் முறை இது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது பெரும்பாலும் சீ-3, சீ-4 இரண்டும் இறங்கும். என் மகனுக்கு வந்த நோயில் சீ-3 இறங்கி, சீ-4 பெரும்பாலும் இறங்காமல் நின்று, ஆறு முதல் எட்டு வாரத்தில் சீ-3 பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் வேறு நோயைத் தேடுவார்கள். வடியில் என்ன நடந்தது என்று கண்ணால் காண வேண்டுமானால் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்து ஒளிர்சாயமிட்டுப் பார்க்க வேண்டும். சிக்கல் படிந்திருந்தால் மணல்மணலாக ஒளிரும். பிறபொருளெதிரி மென்சவ்வையே நேராகத் தாக்கும் நோயில் கோடு கீறியது போல ஒளிரும். ஒருமுறை பார்த்தவர் இந்த வேறுபாட்டை மறக்க மாட்டார்.

குளிரில் உறையும் சிக்கல்களும் உண்டு: கிரையோகுளோபுலின். உடல் வெப்பத்தில் கரைந்திருக்கும், 37 பாகைக்குக் கீழே திரளும். ஹெப்பரைரிஸ் சீ தொற்றில் கூடுதலாகக் காணப்படும். இதில் நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். காலில் ஊதாப் புள்ளிகளோடு வந்த ஒரு முதியவரின் குருதியை எடுத்து, சாதாரண மாதிரிகளோடு தாங்கியில் வைத்துவிட்டேன். சித்திரை மாதத்து வெக்கை, அறையில் 32 பாகை இருக்கும். இந்தச் சூட்டில் எது உறையப் போகிறது என்று எண்ணினேன். 32 பாகையும் 37க்குக் கீழேதான். நான் நீர்ப்பாயத்தைப் பிரித்தெடுக்கும் முன்பே கிரையோகுளோபுலின் திரண்டு குருதிக் கட்டியோடு அடியில் போய்விட்டது. அறிக்கையில் இல்லை என்று எழுதினேன். வைத்தியர் நம்பாமல் மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டாம் முறை ஊசியையும் குழாயையும் முன்கூட்டியே சூடாக்கி, 37 பாகை நீர்த்தொட்டியில் உறைய விட்டுப் பிரித்தேன். குளிரில் வைத்த மூன்றாம் நாள் அடியில் வெண்படிவு தெரிந்தது. அந்த முதியவருக்குப் பத்து நாள் பிந்தி மருந்து தொடங்கியது என் பிழையால். யாழ்ப்பாணத்து வெயிலை நம்பி இந்த மாதிரியை எவரும் வெளியே வைக்க வேண்டாம் என்று அதன் பின் வந்த ஒவ்வொரு பயிலுநருக்கும் சொன்னேன்.

ஆனி 3

நேற்றையதோடு சேர்க்க மறந்தது. நிரப்புப் புரதம்தான் சுவரை வேகவைக்கிறது என்றால், அது பிறவியிலேயே இல்லாதவருக்கு லூபஸ் வராதல்லவா என்று கோண்டாவில் தம்பி கேட்கிறார். நேர்மாறு. சீ-1கியூ பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் போன்ற நோய் வருகிறது. சிக்கலைச் செங்குழியத்தில் ஏற்றி அனுப்புவதும், இறந்த கலங்களைத் துப்புரவாக்குவதும் அதே புரதங்களின் வேலை. துப்புரவு நின்றால் குப்பை சேர்கிறது. ஒரே புரதம் காப்பதும் கெடுப்பதுமாக இருப்பதை நான் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் எடுத்தன.

ஆனி 20

கழுவுதல் பற்றிய பாதிக்கு இன்னும் விடை எழுதவில்லை. குருதியின் திரவவிழையத்தை (பிளாஸ்மாவை) பிரித்து நீக்கி, மாற்றுத் திரவம் ஏற்றும் முறை உண்மையில் இருக்கிறது. கிரையோகுளோபுலின் கடுமையாகி உறுப்புகளைத் தாக்கும்போதும், மென்சவ்வை நேராகத் தாக்கும் நோயிலும் அது உயிரைக் காக்கிறது. லூபஸ் சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கிய 86 பேரில் வழமையான மருந்தோடு இதையும் சேர்த்துச் செய்து பார்த்த ஆய்வு 1992இல் வெளியானது. பிறபொருளெதிரியின் அளவு குருதியில் விரைவாக இறங்கியது. சிறுநீரகங்களோ, மருந்து மட்டும் பெற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கவில்லை.

மாமாவின் குதிரைப் புரதம் தீர்ந்தது, நோய் தீர்ந்தது என்று எழுதினேன். மகனின் பற்றீரியா தீர்ந்தது, நோய் தீர்ந்தது. ஹெப்பரைரிஸ் சீ வைரசை மாத்திரையால் ஒழித்தால் கிரையோகுளோபுலினும் பலருக்கு ஒழிகிறது. பிறபொருள் எதுவரை வருகிறதோ அதுவரை சிக்கலும் வரும். உங்கள் மகளில் அந்தப் பொருள் அவருடைய சொந்தக் கலங்களின் கரு. நாள்தோறும் கோடிக்கணக்கான கலங்கள் இறந்து கொண்டேயிருப்பதால் அதற்கு முடிவில்லை. இன்று கழுவினால் நாளை நிரம்பும். அதனால்தான் வைத்தியர் மற்றப் பக்கத்தை, எதிரியை ஆக்கும் பக்கத்தை, மாத்திரையால் அடக்குகிறார். லூபஸுக்குக் கொடுக்கும் ஐதரொட்சிகுளோரோகுயின் மாத்திரையை நலம் வந்ததும் நிறுத்திவிடுபவர்கள் பலர். நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்ப எழுவதையும் பார்த்திருக்கிறேன். நிறுத்துவதா இல்லையா என்பதை வைத்தியரிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ஆனி 27

நேற்று நீங்கள் அனுப்பிய அறிக்கையைப் பார்த்தேன், தங்கச்சி. சீ-3 சற்று இறங்கியிருக்கிறது. சலத்தில் புரதம் இல்லை. இரண்டாவதுதான் எனக்கு ஆறுதல். கொழும்புப் பரிசோதனைக்கு ஒதுக்கிய பணத்தில் குருதியமுக்கம் பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள். மிச்சம் நிறைய இருக்கும். ஒரு கொப்பியில் திகதி, அமுக்கம், சீ-3, சலப் பரிசோதனை ஆகிய நான்கையும் நிரல்படி எழுதி, ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டு போங்கள். சலம் விடியற்காலை முதலில் கழிப்பதாக இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம், செங்குழியம் கலந்து வீணாகப் பயப்படுத்தும். எடுத்த சலத்தை வெயிலில் வைக்காமல் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுத்துவிடுங்கள். பிந்தினால் நாங்கள் தேடும் செங்குழியங்கள் போத்தலுக்குள்ளேயே சிதைந்துவிடும்.